காற்றுதான் இங்கே மேடு

புதுக்கோட்டை மாவட்டத்து ஜெகதாப்பட்டினத்தில் மேடு கிடையாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்று வடக்கே பார்த்தாலும் தெற்கே பார்த்தாலும் தார்ச்சாலை தரையோடு தரையாகப் போய்க் கானலில் கரைகிறது. கடலும் அப்படியே. பாக் விரிகுடாவின் ஆழம் குறைந்த நீர், பெரிய அலை எழாத கரை. சைக்கிள் பாதைகளைத் தரம் பிரிக்கிறவர்கள் முதலில் கேட்பது ஏற்றத்தைத்தான். எத்தனை மீட்டர் ஏற வேண்டும், எத்தனை வளைவு என்று பார்ப்பார்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் பழகிய கால்களுக்கு. குளத்தங்கரைச் சாலை புதியவருக்கு. அந்த அளவுகோலை இந்தக் கரைக்குக் கொண்டுவந்தால் எல்லாப் பாதையும் புதியவருக்கானதாகிவிடும்.

ஆனி மாத மதியத்தில் இங்கிருந்து மீமிசலுக்குத் தெற்கு நோக்கி மிதித்தவர் அப்படிச் சொல்லமாட்டார். பத்துக் கிலோமீட்டருக்குள் அடங்கும் தூரம்தான். ஆனால் காற்று நெஞ்சுக்கு நேரே வரும். பெடலை விட்டால் வண்டி உருளாது, நின்றுவிடும். இந்த ஊரின் மேடு தரையில் இல்லை, காற்றில் இருக்கிறது. மலையிலுள்ள மேடு நேற்று இருந்த இடத்தில் இன்றும் இருக்கும். இந்த மேடு மாதத்துக்கு மாதம் இடம் மாறும். சில நாட்களில் காலைக்கும் மாலைக்கும் இடையிலேயே திசை மாறிவிடும்.

யாருக்கு எந்தப் பாதை என்று கேட்பவர்களுக்குச் சொல்வதற்காக எழுதத் தொடங்கிய குறிப்புகள் இவை. எழுத எழுத, பாதையைப் பற்றிச் சொல்வதைவிட நேரத்தையும் மாதத்தையும் பற்றிச் சொல்லவே அதிகம் இருந்தது.

*

கடலுக்குப் போகிறவர்கள் காற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கே கடலிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து சோளகம், மேற்கிலிருந்து கச்சான். படகுக்காரருக்கு இவை பிழைப்பு. எந்தக் காற்றில் நீர் எந்தப் பக்கம் இழுக்கும், எதில் வலை நிற்கும் என்பதெல்லாம் இந்தப் பெயர்களோடு சேர்ந்தே அவர்களுக்குத் தெரியும். சைக்கிள்காரர் இந்த நான்கு பெயர்களையும் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

இந்தக் கரையில் ஒரு விசேஷம் உண்டு. வரைபடத்தைப் பிரித்து வைத்துப் பார்த்தால், தொண்டியிலிருந்து மீமிசல், ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மணமேல்குடி, கட்டுமாவடி என்று கடற்கரை தென்மேற்கிலிருந்து வடகிழக்காகச் சாய்ந்து போகிறது. சாலையும் அந்தச் சாய்வோடே போகிறது. நம் நாட்டின் இரண்டு பருவக்காற்றுகளும் அதே கோட்டில்தான் வீசுகின்றன: ஒன்று தென்மேற்கிலிருந்து, மற்றது வடகிழக்கிலிருந்து. ஆகவே பருவம் முற்றிய நாட்களில் இந்தச் சாலையில் பக்கக்காற்று என்று பெரிதாக எதுவும் இல்லை. முழுதாக எதிரே நிற்கும், இல்லாவிட்டால் முழுதாக முதுகில் ஏறிக்கொள்ளும். நடுநிலை கிடையாது.

அதனால் பாதையின் தரம் இப்படி அமைகிறது. ஆனி முதல் ஆவணி வரை, தெற்கே தொண்டிப் பக்கம் போய்த் திரும்புவது எளிது. வடக்கே மணமேல்குடிக்குப் போய்த் திரும்புவது கடினம். தூரம் ஒன்றாக இருந்தாலும் அப்படித்தான். தெற்கே போகிறவர் கால் புதிதாக இருக்கும்போது எதிர்க்காற்றை வாங்கிக்கொண்டு, களைத்தபின் பின்காற்றில் வீடு சேர்வார். வடக்கே போகிறவர் சிரிப்போடு போய், வெயில் ஏறியபின் எதிர்க்காற்றில் மாட்டிக்கொள்வார். கார்த்திகை, மார்கழியில் இது அப்படியே தலைகீழ். மாசி, பங்குனிக் காலைகளில் காற்று அடங்கிக் கிடக்கும். அப்போது எந்தப் பக்கமும் போகலாம்.

சாலையோர டீக்கடையில் ஒரு பெரியவர் இதை எனக்கு முன்பே, என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். “கச்சான் எடுக்கப் போவுது தம்பி. இப்பயே தெக்கே போயிருங்க. திரும்பயில காத்தே தள்ளிக்கிட்டு வந்து விட்டுரும்.” அவர் சைக்கிள் ஓட்டி நான் பார்த்ததில்லை. பாய் கட்டிய வள்ளத்தில் போன காலம் அவருடையது.

*

நெதர்லாந்தும் நம் கரையைப்போலத் தட்டையான நாடு. ஊஸ்டர்ஸ்கெல்டே கடல் தடுப்பணையின்மேல் அவர்கள் 2013 முதல் ஒரு போட்டி நடத்துகிறார்கள். எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்கும் தேசியப் போட்டி. தூரம் 8.5 கிலோமீட்டர். எல்லாருக்கும் கியர் இல்லாத, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சாதாரணச் சைக்கிள்தான். புயல்காற்று வரும் என்று வானிலை சொன்ன பிறகே தேதி அறிவிப்பார்கள். மலை இல்லாத நாட்டுக்காரர்கள் தங்கள் மலையை எங்கே கண்டுபிடித்தார்கள் என்பதைப் படித்தபோது, அவர்களை நெருங்கிய உறவினர்களாக உணர்ந்தேன்.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. காற்று தரும் தடை, நம்மீது மோதும் காற்றின் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். காற்றில்லாத காலையில் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரில் போகிறவர், அதே பதினைந்து கிலோமீட்டர் எதிர்க்காற்றில் அதே வேகத்தைக் காப்பாற்ற நினைத்தால், நான்கு மடங்கு காற்றுத்தடையைத் தள்ள வேண்டும். இரண்டு மடங்கு இல்லை, நான்கு. காலுக்கு இந்தக் கணக்கு முன்பே தெரிந்திருந்தது. மனம்தான் நம்பாமல் முரண்டு பிடித்தது.

எதிர்க்காற்றில் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: வேகத்தை விட்டுவிடுவது. உடம்பைக் குனித்து, முழங்கையை மடக்கி, மூச்சுக்கு ஏற்றபடி மிதிப்பது. அடுத்த பனைமரம் வரை என்று வைத்துக்கொள்வது. பனை வந்ததும் அதற்கடுத்த பனை. ஒரு கட்டத்தில் மீமிசல் என்ற ஊரே நினைவிலிருந்து போய்விடுகிறது. காது முழுக்கக் காற்றின் இரைச்சல். வேறு எந்த எண்ணத்துக்கும் இடமில்லை. தியானம் பழகுகிறவர்கள் சொல்லும் ஒருமுனைப்பு என்பது இதுதானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அரை மணி நேரத்தில் மனம் தன் பழைய சண்டைகள் எதையும் எடுத்துப் பேசவில்லை.

திரும்பும்போது நடப்பது இன்னும் வியப்பு. பின்காற்றின் வேகமும் சைக்கிளின் வேகமும் ஒன்றாகும் தருணத்தில் காற்றே இல்லாததுபோல் ஆகிவிடும். இரைச்சல் நின்றுவிடும். செயின் ஓடும் சத்தம், டயர் தாரைத் தொடும் சத்தம், தூரத்தில் மைனா. கூடவே வியர்வை பெருகும். உடம்பைத் தொட்டுக் குளிர்விக்க நகரும் காற்று இல்லை அல்லவா? பின்காற்றில் வருகிறவர் களைப்பில்லை என்று தண்ணீர் குடிக்க மறப்பார். புதியவர்கள் மயங்கி உட்கார்வது பெரும்பாலும் இந்தத் திரும்பும் வழியில்தான். போகும்போது ஒரு மடக்குக் குடித்தால் வரும்போது இரண்டு மடக்குக் குடிக்கச் சொல்வேன்.

*

கிழக்குக் கடற்கரைச் சாலையே இந்தப் பகுதியில் மிகச் சீரான சாலை. சைக்கிள் புதிதாகப் பழகுகிறவரை நான் அதில் அனுப்பமாட்டேன். சீராக இருப்பதாலேயே அதில் எல்லாரும் வேகமாகப் போகிறார்கள். சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை நீளும் தேசிய நெடுஞ்சாலை அது. இரவு முழுக்க ஓட்டி வந்த லாரி ஓட்டுநருக்கு, விடியும் நேரத்தில் ஓரமாகப் போகும் சைக்கிள் கண்ணில் படுமா என்பது நிச்சயமில்லை. தார் முடியும் விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையே சில இடங்களில் ஒரு சாண் இறக்கம் இருக்கிறது. ஒதுங்கினால் முன்சக்கரம் இறங்கிவிடும்.

புதியவருக்கும் சிறுவர்களுக்கும் உகந்தவை ஊருக்குள்ளிருந்து கடலை நோக்கிப் போகும் குறுஞ்சாலைகள். ஜெகதாப்பட்டினத்தில் பெரிய சாலையிலிருந்து படகுகள் அணையும் இடம் வரை ஒரு பாதை. கோட்டைப்பட்டினத்தில் இராவுத்தர் தர்கா இருக்கும் பக்கம் வீடுகளுக்கிடையே சுற்றும் தெருக்கள். குரங்குப் பெடல் போடும் பையன்கள் அங்கேதான் பழகுகிறார்கள். பாருக்குக் கீழே ஒரு காலை நுழைத்து, அரைச் சுற்று அரைச் சுற்றாக மிதித்து, உடம்பு ஒருபக்கம் கோணியபடி போவார்கள். விழுந்தால் மணல்.

இந்தக் குறுஞ்சாலைகளுக்கும் நாள் பார்க்க வேண்டும். இந்தக் கரையில் விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் வாரத்தின் நாட்களைப் பங்கிட்டுக்கொண்டு கடலுக்குப் போகின்றன. விசைப்படகுக்கு மூன்று நாள். படகு கரைக்கு வரும் காலையில் ஐஸ் ஏற்றிய வண்டிகளும் மீன் லாரிகளும் அந்தச் சின்னச் சாலையை அடைத்துக்கொள்ளும். தார்மேல் மீன்தண்ணீர் வழிந்து வழுக்கும். அன்றைக்குக் குழந்தைகளுக்கு அங்கே இடமில்லை. அடுத்த நாள் அதே சாலை காலியாகக் கிடக்கும்.

இன்னொரு விதமான காலியும் உண்டு. போன படகுகள் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டன என்ற செய்தி வந்த காலை. அல்லது அதற்காகப் படகுகளைக் கட்டிப்போட்டு வேலை நிறுத்தம் செய்யும் வாரம். அப்போதும் லாரி வராது, சாலையும் சைக்கிளுக்கு நன்றாகத்தான் இருக்கும். அந்த நாட்களில் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

*

கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணம். 1990களில் பொருளாதாரத் தடையால் பெட்ரோலும் மின்சாரமும் இல்லாமல் போன ஆண்டுகளில் அந்தக் குடாநாடு சைக்கிளில்தான் ஓடியது. நோயாளி, விறகு, பள்ளிப் பிள்ளை, சவப்பெட்டி எல்லாமே சைக்கிளில். இரவில் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் குனிந்து கேட்பார்கள். சுற்றுகிறவர் கை ஓய்ந்தால் செய்தி நின்றுவிடும். அந்த மண்ணும் தட்டை. அவர்களுக்கும் வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்றுதான் பெயர்கள்.

*

மீமிசலில் பெரிய சாலையை விட்டு மேற்கே திரும்பினால் ஆவுடையார்கோவில் சாலை. ஜெகதாப்பட்டினத்திலிருந்து போய்வர அறுபது கிலோமீட்டரைத் தாண்டும். ஓரளவு பழகியவருக்கு, ஒரு பாதியை ஓய்வுக்கு ஒதுக்கினால், இது முழுநாள் பயணம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எனக்கு மிகப் பிடித்த பாதை.

முதலில் உப்பளமும் இறால் குட்டையும். நீரின்மேல் வெயில் தெறித்துக் கண்ணைக் கூசச்செய்யும். தொப்பி இல்லாமல் வரக்கூடாது. இறால் குட்டைகளைப் பார்க்கும்போது 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு நினைவுக்கு வரும். காந்தியர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கு அது. விளைநிலமும் குடிநீரும் உப்பாகிப் போவதைச் சொல்லி, இதே கிழக்குக் கரைக்காகப் போராடியவர். சைக்கிளில் போகிறவருக்கு அதன் பொருள் நேரடியானது: இந்த நீளத்தில் எந்தக் கைப்பம்பைக் கண்டாலும் நம்பிக் குடிக்க முடியாது. மீமிசலிலேயே பாட்டிலை நிரப்பிக்கொள்ள வேண்டும்.

பிறகு சீமைக் கருவேலம். சாலையின் இரு பக்கமும். டியூபின் எதிரி. வெட்டி வண்டியில் ஏற்றிப்போகும்போது சிந்தும் முள் தாரோடு தாராகக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. பஞ்சர் ஒட்டும் சாமான் இல்லாமல் இந்தச் சாலையில் போகக்கூடாது. முள்ளைப் பிடுங்காமல் புது டியூபை மாற்றினால் அடுத்த மைலில் அதுவும் போகும். டயரின் உட்பக்கத்தை விரலால் தடவித் தேடுங்கள்.

அந்த முள்ளுக்காடு தாண்டியதும் நிலம் மாறுகிறது. முதல் கண்மாய். கரையில் பனை, உள்ளே நீரோ வெடித்த சேறோ, மாதத்தைப் பொறுத்து. கரைக்குக் கீழே வயல். காற்றின் வாசனையே மாறும். உப்பு போய், புல்லும் மாட்டுச் சாணமும். சாலை இங்கே வடமேற்காகப் போவதால் பருவக்காற்று பக்கவாட்டில்தான் வரும். கடற்கரைச் சாலையின் முழு எதிர்ப்பும் இல்லை, முழு உதவியும் இல்லை. வண்டியை நேராகப் பிடிப்பதுதான் வேலை.

ஆவுடையார்கோவிலின் பழைய பெயர் திருப்பெருந்துறை. பாண்டிய மன்னன் தன் அமைச்சர் வாதவூரரை, கடல் வழியே வந்திறங்கும் குதிரைகளை வாங்கிவரப் பொருள் கொடுத்து அனுப்பினான் என்பதும், அவர் இங்கே குருந்தமரத்தடியில் குருவைக் கண்டு, குதிரைப் பணத்தைக் கோயிலுக்குச் செலவிட்டு மாணிக்கவாசகர் ஆனார் என்பதும் எல்லாரும் அறிந்த கதை. மதுரையிலிருந்து கடலுக்குப் போகிறவர் கடலை எட்ட ஒரு நாள் நடைகூட இல்லாத இடத்தில் நின்றுவிட்டார். நான் கடலிலிருந்து எதிர்த்திசையில் வந்து அதே இடத்தில் நிற்கிறேன். வேகமான வாகனத்துக்கு என்று கொடுத்த பணம், வாகனம் வாங்காமல் இங்கேயே செலவானது. கோயில் மண்டபத் தூண்களில் இன்றும் குதிரைகள் நிற்கின்றன, சேணத்தோடும் வீரனோடும்.

கருவறையில் லிங்கம் இல்லை, ஆவுடையார் மட்டும். நந்தி இல்லை, கொடிமரம் இல்லை. புழுங்கலரிசிச் சோற்றை ஆவி பறக்கப் படைகல்லில் கொட்டி, அந்த ஆவியையே நிவேதனமாகத் தருகிறார்கள். கூடவே கீரையும் பாகற்காயும். மண்டபத்தின் கொடுங்கையை அண்ணாந்து பார்த்தால், மரச்சட்டமும் கம்பியும் ஆணியும் வைத்து வேய்ந்த கூரை என்றே தோன்றும். அத்தனையும் கருங்கல். கழுத்தை நிமிர்த்திப் பார்ப்பதே எதிர்க்காற்றில் குனிந்து வந்தவருக்கு மருந்து. கல்தரையின் குளிர்ச்சியில் மதிய வெயில் தாழும் வரை இருக்கலாம்.

*

ஆவுடையார்கோவிலிலிருந்து வடக்கே போனால் அறந்தாங்கி. அதற்கும் கடலுக்கும் நடுவே நாகுடிப் பக்கம், கல்லணைக் கால்வாயின் கடைமடை. மேட்டூர் அணை வந்த 1934-ஐ ஒட்டி வெட்டி முடித்த கால்வாய். தஞ்சைப் பக்கத்தில் புது ஆறு என்பார்கள். கல்லணையில் பிரிந்து 148 கிலோமீட்டர் ஓடி, மும்பாலை ஏரிப் பக்கம் முடிகிறது. காவிரி நீர் கடலைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நின்றுபோகும் இடம்.

வாய்க்கால் கரை மண்பாதை. மழைக்குப் பிறகு சக்கரத்தில் களி ஒட்டும். காய்ந்த மாதங்களில் நல்ல பாதை. அகலமான டயர் உள்ள பழைய சைக்கிளுக்கு இது உகந்தது, ஒல்லியான பந்தயச் சைக்கிளுக்கு இல்லை. லாரி வராது. மெல்லப் போகிறவர், மூட்டுவலி உள்ளவர், நீண்ட நாள் கழித்து மறுபடி மிதிக்கிறவர் எல்லாரும் இங்கே வரலாம். தண்ணீர் வருகிறதா என்று கரையில் நிற்கும் விவசாயிகளிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே போகலாம். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் இங்கே எப்போது வரும் என்பதே அவர்களுடைய பேச்சு. எல்லாருக்கும் பாய்ந்து மிஞ்சியதுதான் கடைமடைக்கு.

*

வடக்கே நெடுந்தூரம் போக விரும்புகிறவர்களுக்கு மனோரா. கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம், மணமேல்குடி, கட்டுமாவடி, சேதுபாவாசத்திரம் தாண்டி, மல்லிப்பட்டினத்துக்கு அருகே. ஒரு வழிக்கே நாற்பது கிலோமீட்டருக்கு மேல். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாடி இரண்டாம் சரபோஜி எழுப்பிய கோபுரம் அது. மார்கழியில் போனால் வாடையை எதிர்த்துப் போய், அதன் தயவில் திரும்பலாம்.

வழியில் மணமேல்குடியை ஒட்டி வெள்ளாறு கடலில் சேர்கிறது. பாண்டி நாட்டுக்கும் சோழ நாட்டுக்கும் எல்லை என்று முன்னோர் சொன்ன ஆறு; ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல். குலச்சிறை நாயனார் பிறந்த ஊர் மணமேல்குடி. வலப்பக்கம், அதிராம்பட்டினத்துக்கும் அம்மாபட்டினத்துக்கும் இடையிலான கடலில், 448 சதுரக் கிலோமீட்டரைக் கடல்பசுவுக்கான காப்பகமாக 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நாட்டிலேயே முதல். ஆவுளியா என்பார்கள் கடல்காரர்கள். கடற்புல்லை மேய்ந்துகொண்டு, மூச்சுக்கு மட்டும் மேலே வரும் பிராணி. சாலையிலிருந்து பார்த்தால் தெரியாது. தெரியாவிட்டாலும், அது அங்கே மேய்ந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்போடு இந்தச் சாலையில் மிதிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

நிழல் மட்டும் குறைவு. 2018 நவம்பர் 16 அதிகாலை கரையேறிய கஜா புயல் இந்தப் பக்கத்துத் தென்னைகளையும் சாலையோர மரங்களையும் கூட்டம் கூட்டமாகச் சாய்த்தது. தென்னை வைத்த குடும்பங்கள் இழந்ததோடு ஒப்பிட்டால் சைக்கிள்காரரின் நிழல் சின்ன விஷயம். ஆனாலும் நட்ட மரம் நிழல் தரப் பதினைந்து வருடமாகும். சாலையை அகலப்படுத்துகிறவர்கள் அதை மறந்துவிடக்கூடாது. ஒரு சாலையில் ஒரு சிறுமி சைக்கிளில் போக முடியுமா என்பதை அதன் தாரைவிட அதன் மரங்கள்தான் அதிகம் தீர்மானிக்கின்றன.

*

ஆடாக்ஸ் என்ற நெடும்பயண முறை இத்தாலியில் தொடங்கி, பிரான்சில் வளர்ந்து, இன்று இந்தியாவிலும் வேரூன்றியிருக்கிறது. அதில் முந்துகிறவருக்குப் பரிசு கிடையாது. நேரத்துக்குள் முடித்தால் போதும். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு இருபது மணி நேரம், 600-க்கு நாற்பது. கணக்குப் போட்டால் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர்தான் வருகிறது. தலைச்சுமையை விட்டுச் சைக்கிளுக்கு மாறிய மீன் வியாபாரிகள், கேரியரில் ஐஸ்பெட்டியைக் கட்டிக்கொண்டு உள்ளூர்களுக்குப் போன வேகமும் ஏறத்தாழ அதுவே. இப்போது அவர்களில் பெரும்பாலோர் டி.வி.எஸ். வண்டிக்கு மாறிவிட்டார்கள். மிச்சமிருக்கும் ஒருசிலரை இன்னும் ஆவுடையார்கோவில் சாலையில் பார்க்கலாம். ஐஸ் உருகுவதற்குள் மீன் விற்க வேண்டும். கச்சான் அடித்தாலும் வாடை அடித்தாலும் பயணம் உண்டு.

பாதைகளைப் புதியவர், நடுத்தரம், தேர்ந்தவர் என்று மூன்றாகப் பிரிக்கும்போது இவர்களை எந்த வரிசையில் வைப்பது என்று யோசித்திருக்கிறேன். எடை குறைந்த சைக்கிளில், கையில் ஒன்றுமில்லாமல், வேண்டிய நாளில் வேண்டிய நேரத்தில் வருகிற எனக்கு மேலேதான். வண்டியில் என்ன ஏற்றியிருக்கிறது என்பதையும் தரத்தில் சேர்க்க வேண்டும்.

*

அந்த எண்ணம் என்னை 1991-க்கு அழைத்துப்போகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தின் அறிவொளி இயக்கம். ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். எழுதப் படிக்கக் கற்கும் பெண், தானாக ஓர் இடத்துக்குப் போய்வரவும் கற்க வேண்டும் என்று. கல்லுடைக்கிறவர்கள், விவசாயக் கூலிகள், கிராமச் செவிலியர், பள்ளி ஆசிரியைகள், பர்தா அணிந்தவர்கள் எல்லாரும் ஓட்டினார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டைக்குள் திரண்டதையும், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமப் பெண்கள் ஓட்டப் பழகியதையும் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி வைத்திருக்கிறார்.

அவர் எழுதியதில் என் மனத்தில் தங்கியது ஒரு சின்ன விவரம். பெண்களுக்கான சைக்கிளைவிட ஆண்கள் சைக்கிளைத்தான் பலர் விரும்பினார்கள். சீட்டிலிருந்து ஹேண்டில்பார் வரை போகும் அந்தப் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம். பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம், முன்னால் பாரில் பிள்ளை, பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் கையில் மிச்சம். விளைந்ததை ஒரே ஊரில் விற்றுவிட்டுத் திரும்பாமல் நாலு ஊர் போக முடிந்தது. இயக்கத்தின் தொண்டர்களுக்கு யுனிசெஃப் ஐம்பது மொபெட்டுகள் கொடுத்தது.

அந்தப் பெண்கள் போன சாலைகள்தான் நான் மேலே எழுதியவை. ஆண்கள் வழியில் நின்று பேசிய பேச்சும் அவர்களுக்கு ஓர் எதிர்க்காற்று. அதற்கு மாதம், திசை கிடையாது. போகும்போதும் எதிரே, வரும்போதும் எதிரே. அதைத் தாண்டி மிதித்தவர்களில் பலர் இன்று பாட்டிகள்.

2001-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய அரசின் இலவசச் சைக்கிள், பிறகு பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் என்று விரிந்தது. காலை எட்டரைக்குக் கோட்டைப்பட்டினம் சாலையில் நின்றால் அந்தச் சைக்கிள்கள் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். பையைக் கேரியரில் சொருகி, இரண்டிரண்டாகப் பேசிக்கொண்டே. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெண் சைக்கிள் ஓட்டுவதை ஒருவரும் திரும்பிப் பார்க்காத சாலை என்பது இந்த மாவட்டம் உழைத்துச் சம்பாதித்தது.

*

அறந்தாங்கி தாண்டி மேற்கே திருமயமோ புதுக்கோட்டையோ போவது தேர்ந்தவர்களுக்கு. இரவு தங்கித் திரும்ப வேண்டும். கடலிலிருந்து புதுக்கோட்டை ஏறத்தாழ நூறு மீட்டர் உயரம். அறுபது கிலோமீட்டருக்கு மேல் பரவிய ஏற்றம் என்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் திரும்பும் நாளில் வண்டி ஏன் இவ்வளவு லேசாக ஓடுகிறது என்று தோன்றும். மண் சிவக்கும். முந்திரிக் காடு, தைல மரம், பிறகு பாறை. 1687-ல் சேதுபதி கட்டிய திருமயம் கோட்டையைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம். மட்டமான நிலத்திலேயே வாழும் கண்ணுக்கு அந்த ஒற்றைப் பாறை போதுமான மலை.

*

பக்கத்துத் தெருவில் ஒரு பிள்ளை பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருக்கிறாள். அக்காவின் பள்ளிச் சைக்கிள் இப்போது அவளுக்கு. “ஆவுடையார்கோயில் வரைக்கும் போயிட்டு வர முடியுமா மாமா?” என்று கேட்டாள். முடியும், ஆனால் இந்த வாரம் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அறுபத்தொரு நாட்கள் மீன் லாரி ஓட்டம் குறையும். முதல் வாரம் ஊருக்குள். இரண்டாம் வாரம் விடிகாலையில் கோட்டைப்பட்டினம் வரை, ஆறரைக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். மூன்றாம் வாரம் மீமிசல். அதன்பின் ஆவுடையார்கோவில். அதற்கு அவள் அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அறிவொளிக் காலத்தில் அவருடைய தாயாரின் வண்டிப் பாரில் உட்கார்ந்து போனவர் அவர். நாலரைக்குக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் கண்மாய்க் கரையைத் தொட்டுவிடலாம். இரண்டு டியூப், பஞ்சர் சாமான், ஆளுக்கு மூன்று பாட்டில் தண்ணீர். கச்சான் எடுப்பதற்குள் போய்வர வேண்டும்.